செந்தில்: இந்தப் பெயருக்குப் பொருள் சொல்லும்போது வரும் தவறுகள்

"செந்தில்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டால் உடனே "முருகன்" என்று பதில் வரும். குழந்தைப் பெயர்ப் பட்டியல்களிலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். இது பாதி வழியில் நின்றுபோன பதில். செந்தில் முதலில் ஓர் ஊர். இன்றைக்கு நாம் திருச்செந்தூர் என்று சொல்லும் கடற்கரை ஊரின் பழைய பெயர் அது. அங்கே இருப்பதால்தான் முருகன் செந்திலாண்டவர், செந்தில்நாதன்.

சந்தேகம் இருந்தால் செந்தில்முருகன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். செந்தில் என்றாலே முருகன் என்றால், இது 'முருகன்முருகன்' ஆகிவிடும். செந்திலில் இருக்கும் முருகன் என்று படித்தால்தான் சரியாக வருகிறது. பழனி, சிதம்பரம், அண்ணாமலை, குற்றாலம் என்று ஆண்களுக்குப் பெயர் வைக்கிறோம் அல்லவா? செந்திலும் அந்த வரிசைதான். ஊர்ப்பெயரே ஆள்பெயர் ஆனதால்தான் கடைசியில் 'அன்' இல்லாமல் நிற்கிறது.

அடுத்த தவறு, சொல்லுக்குக் கதையிலிருந்து வேர் காட்டுவது. சூரனை வென்ற இடம், அதனால் ஜெயந்திபுரம், அதுதான் மருவிச் செந்தில் ஆனது என்பார்கள். கோயிலில் ஜெயந்திநாதர் என்ற திருப்பெயர் உண்டு. தலபுராணமாகக் கேட்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் சொல்லின் பிறப்புக்கு அதைச் சான்றாக வைக்கக் கூடாது. சங்கப் பாட்டிலேயே இந்த ஊர் செந்தில்தான். புறநானூறு 55-ஆம் பாட்டில் மதுரை மருதன் இளநாகனார், பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். "வெண்தலைப் புணரி அலைக்கும் செந்தில்" என்கிறார். வெள்ளைத் தலை கொண்ட அலை வந்து மோதும் செந்தில். அங்கே நெடுவேளாகிய முருகன் நிலைகொண்ட அகன்ற துறையில் காற்றடித்துக் குவித்த மணலைவிட அதிக நாள் நீ வாழ்க என்பது வாழ்த்து. திருச்செந்தூர்க் கடற்கரையில் இருக்கும் நாழிக்கிணறு என்ற தீர்த்தக் கிணற்றுக்குப் போகும்போது காலில் ஒட்டுகிற மணலைத் தட்டிவிட்டுத்தான் நாம் படியிறங்குகிறோம். ஒரு புலவர் ஓர் அரசனின் ஆயுளை எண்ண எடுத்துக்கொண்ட மணல் அது! செந்தில் என்று மகனுக்குப் பெயர் வைத்தவர்கள் இந்த ஒரு பாட்டையாவது அவனுக்குச் சொல்லித் தர வேண்டும் என்பது என் ஆசை.

செந்தூரன் என்ற பெயரிலும் இதே மாதிரி தடுமாற்றம் வருகிறது. ஈழத் தமிழரிடையே நிறையக் கேட்கும் பெயர். செந்தூரப் பொடியின் நிறத்தை வைத்து 'சிவந்தவன்' என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள். செந்தூரில் இருப்பவன் செந்தூரன், அவ்வளவுதான்.

பெயர் எவ்வளவு பரவலானது என்பதையும் தன் வயதை வைத்தே பலர் முடிவு செய்கிறார்கள். என் வகுப்பில் மூன்று செந்தில். இனிஷியல் சேர்க்காமல் ஆசிரியர் கூப்பிட்டால் மூன்று பேரும் எழுந்து நிற்பார்கள். இப்போது எல்.கே.ஜி. வாசலில் நின்றால் அந்தப் பெயர் காதில் விழுவதே அபூர்வம். அதனால் 'பழைய பெயர்' என்று ஒதுக்குபவர்கள் உண்டு. சங்கப் பாட்டில் இருக்கும் சொல்லுக்கு முப்பது, நாற்பது வருஷத்தில் என்ன வயதாகிவிடும்?

அப்புறம், எழுதும்போது வரும் சிக்கல். செந்தில்குமார் ஒரே பெயர். நடுவில் இடம் விட்டு எழுதினால் ஆவணத்தில் அது இரண்டு பெயராகிவிடும். என் அண்ணனுக்கு மதிப்பெண் சான்றிதழில் சேர்த்தும், பாஸ்போர்ட்டில் பிரித்தும் அச்சாகிவிட்டது. வெளிநாட்டு வேலைக்குப் போன இடத்தில் அவரை 'மிஸ்டர் குமார்' என்று கூப்பிட்டார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கப் பிரமாணப் பத்திரம் எழுதி அலைந்தார். பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அவசரப்படாமல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சேர்த்தா, பிரித்தா என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு, அதே தாளைப் பதிவு செய்யும் இடத்துக்கும் கொண்டுபோங்கள்.