ஃபிளட்டரில் சர்வர் அனுப்பிய பதிலை எடுப்பது எப்படி?

ஆப் உருவாக்க உதவும் கருவித்தொகுப்பான ஃபிளட்டரில் எழுதத் தொடங்குபவர்கள் பலரும் முட்டி நிற்கும் இடம் இது. மளிகைக் கடை ஆப் ஒன்றில் அரிசி விலையைச் சர்வரிடம் கேட்கிறோம். பிரவுசரில் அதே முகவரியைத் திறந்தால் விலை தெரிகிறது. ஆப்பில் பிரிண்ட் செய்தால் மட்டும் 'இன்ஸ்டன்ஸ் ஆஃப் ஃபியூச்சர்' என்று வருகிறது, அல்லது நல் (மதிப்பு எதுவும் இல்லை என்பதன் குறி) வருகிறது.

சர்வர் பதில் தரச் சில நொடிகள்கூட ஆகலாம். அதுவரை திரை உறைந்து நிற்கக் கூடாது என்பதால் ஃபிளட்டரின் மொழியான டார்ட் அங்கே காத்திருப்பதில்லை. ஒரு ஃபியூச்சரைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஃபியூச்சர் என்பது தையல் கடையில் தரும் ரசீது மாதிரி. சட்டை பிறகுதான் வரும்.

படி 1: காத்திருக்கச் சொல்லுங்கள்

கோப்பில் கீவேர்டுகளையும் பெயர்களையும் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். அமைப்பு புரிவதற்காக இங்கே தமிழில்:

விலைகொண்டுவா() அசிங்க் {
  பதில் = அவெய்ட் ஹெச்டிடிபி.கெட்(முகவரி);
  ரிட்டர்ன் பதில்.பாடி;
}

அவெய்ட் என்றால் 'பதில் வரும்வரை காத்திரு'; அசிங்க் என்பது ஃபங்ஷனுக்குள் அவெய்ட் போட அனுமதிக்கும் சொல். அவெய்ட் போட்டால்தான் 'பதில்' என்பதில் உண்மையான ரெஸ்பான்ஸ் வந்து உட்காரும். ஆனால் அசிங்க் ஃபங்ஷன் எதை ரிட்டர்ன் செய்தாலும் வெளியே போவது ஃபியூச்சர்தான். ஆகவே இந்த ஃபங்ஷனை அழைக்கும் இடத்திலும் அவெய்ட் வேண்டும்.

இதைத் தவிர்க்கப் பலர் வெளியே ஒரு வேரியபிளை வைத்து, உள்ளே அதில் மதிப்பைப் போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே எடுக்கப் பார்க்கிறார்கள். அந்த வரி ஓடும்போது பதில் வந்தே இருக்காது. மதிப்பை வெளியே இழுத்து வரப் பார்க்காதீர்கள். அது தேவைப்படும் வேலையை அவெய்ட்டுக்குக் கீழே எழுதுங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

படி 2: ஸ்டேட்டஸ் கோடைப் பாருங்கள்

அழைப்பு என்ன ஆனது என்று சர்வர் சொல்லும் எண்தான் ஸ்டேட்டஸ் கோடு. 404 (பக்கம் இல்லை), 500 (சர்வர் கோளாறு) வந்தாலும் ஹெச்டிடிபி பேக்கேஜ் (சர்வருடன் பேச நாம் சேர்க்கும் நூலகம்) அதைப் பிழையாக எறியாது. சாதாரணப் பதிலாகவே தரும். பதிலின் உள்ளடக்கமான பாடியில் ஹெச்டிஎம்எல் பிழைப் பக்கம் இருந்தால், அதை ஜேசன் (டேட்டாவை எழுதும் ஒரு வடிவம்) என்று நினைத்துப் பிரிக்கும்போதுதான் ஆப் இடறும். ஸ்டேட்டஸ் கோடு 200 என்றால் மட்டும் மேலே போங்கள். இல்லையென்றால் நீங்களே எக்ஸெப்ஷன் (பிழை) எறியுங்கள்.

படி 3: பாடியைப் பிரியுங்கள்

பாடி வெறும் எழுத்துச் சரம். ஜேசன்டீகோட் வழியாக அனுப்பினால் மேப் (கீ, மதிப்பு ஜோடிகள்) கிடைக்கும்; அதில் 'விலை' என்ற கீயைக் கேட்கலாம். இங்கே இரண்டு பொறிகள் உண்டு.

ஒன்று, தமிழ் எழுத்து. சர்வர் தன் ஹெடரில் (பதிலுடன் வரும் குறிப்புகளில்) கேரக்டர்செட்டை, அதாவது எழுத்துகளைப் பைட்டாக்கும் முறையைச் சொல்லாவிட்டால், பேக்கேஜின் பழைய பதிப்புகள் பாடியை ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்ளும். எல்லா மொழிகளுக்குமான யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். அதனால் 'பொன்னி அரிசி' நீளமான ஐரோப்பியக் குறிகளாகச் சிதறி நிற்கும். பாடிக்குப் பதில் பாடிபைட்ஸை எடுத்து, யுடிஎஃப்-8 டீகோட் செய்த பிறகு ஜேசன்டீகோடுக்குக் கொடுங்கள். தமிழ் ஆப் எழுதுபவர்கள் முதல் நாளிலிருந்தே இப்படி எழுதுவது நல்லது.

இன்னொன்று, எண். விலை 62.50 என்று வந்தால் டபுள் (தசம எண்). 62 என்று வந்தால் இன்ட் (முழு எண்). டபுள் என்று அறிவித்திருந்தால் விலை முழு எண்ணாக வரும் நாளில் டைப் பிழை வரும். இரண்டையும் ஏற்கும் 'நம்' (num) வகையாக எடுத்து, டபுளாக மாற்றும் டூடபுள் போட்டுவிடுங்கள்.

படி 4: திரையில் காட்டுங்கள்

ஃபியூச்சரின் நிலைக்கேற்பத் திரையை வரையும் ஃபியூச்சர்பில்டர் போதும். பிழை இருந்தால் ஒரு செய்தி, டேட்டா வந்திருந்தால் விலை, இரண்டும் இல்லையென்றால் சுழலும் வட்டம். அழைப்பை மட்டும் திரையை வரையும் பில்ட் மெத்தடுக்குள் வைக்காதீர்கள். திரை மீண்டும் வரையப்படும் ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் புது அழைப்பு போகும். தொடக்கத்தில் மட்டும் ஓடும் இனிட்ஸ்டேட்டில் ஒருமுறை அழைத்து, அந்த ஃபியூச்சரை ஒரு வேரியபிளில் வைத்து ஃபியூச்சர்பில்டருக்குக் கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பதில் வரவில்லையா? சர்வர் உங்கள் கணினியிலேயே ஓடுகிறது என்றால், ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் (கணினியில் ஓடும் மாதிரி ஃபோனில்) லோக்கல்ஹோஸ்ட் என்பது எமுலேட்டரையே குறிக்கும், உங்கள் கணினியைக் குறிக்க 10.0.2.2 என்று கொடுங்கள். டீபக்கில் (சோதனை வடிவில்) ஓடி ரிலீஸில் (வெளியீட்டு வடிவில்) மட்டும் ஓடவில்லை என்றால், மெயின் ஃபோல்டரில் உள்ள மேனிஃபெஸ்ட்டில் (ஆப் கேட்கும் அனுமதிகளை எழுதும் கோப்பில்) இன்டர்நெட் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.