பல் பிடுங்கிய குழியில் மஞ்சளை அடைக்காதீர்கள்

கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வார்கள். மஞ்சளை அப்பு, கிராம்புத் தைலம் வை, கஷாயத்தில் நன்றாகக் கொப்பளி. எல்லாம் நல்ல பொருள்கள்தான். ஆனால் முதல் நாளில் அவற்றுக்கு அங்கே வேலையே இல்லை.

பல் இருந்த இடத்தில் ரத்தம் உறைந்து, கருஞ்சிவப்பாக ஜவ்வு மாதிரி ஒரு கட்டி உட்காரும். அடியிலிருக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காப்பது அதுதான். அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரியும். 'ட்ரை சாக்கெட்' என்று பல் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில் வலி கிளம்பிக் காதுவரை இழுக்கும். வாயில் நாற்றமும் வரும்.

அதனால் முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது, கொய்யா இலைக் கஷாயமாக இருந்தாலும் சரி. எச்சிலை வேகமாகத் துப்புவதும், இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதும் கட்டியைப் பெயர்த்துவிடும். டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். தினமும் நல்லெண்ணெய் கொப்பளிக்கிறவர்கள் ஈறு மூடும்வரை அதை நிறுத்தி வையுங்கள்.

மறுநாளிலிருந்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போதும். சாப்பிட்ட பிறகு வாயில் வைத்து, தலையை இருபக்கமும் மெதுவாகச் சாய்த்து, தானாக வழிய விடுங்கள்.

கிராம்புத் தைலத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். என் சித்தி பஞ்சைத் தைலத்தில் நனைத்துக் குழிக்குள் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார். காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், சுற்றியிருந்த ஈறு வெந்து பாலாடை போல வெளுத்திருந்தது. பஞ்சின் இழைகள் உள்ளே ஒட்டிக் கிடந்தன. கிராம்பிலுள்ள யூஜினால் இடத்தை மரத்துப்போகச் செய்யும். ஆனால் நீர்க்காமல் வைத்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். ட்ரை சாக்கெட் வந்தவர்களுக்கு மருத்துவரே யூஜினால் கலந்த மருந்தைக் குழியில் வைப்பதுண்டு. அவர் குழியைக் கழுவி, அளவு பார்த்து வைக்கிறார்.

மஞ்சள் தூளும் அப்படித்தான். சமையலறை டப்பாவிலிருந்து எடுத்த தூள் சுத்தமானதல்ல, திப்பித் திப்பியாகக் குழியில் அடைந்துகொள்ளும். வேண்டுமானால் பாலில் கலந்து, ஆறவைத்துக் குடியுங்கள். வலிக்குப் புகையிலையை ஒதுக்கிக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண் ஆறுவதைத் தாமதமாக்கும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பூண்டு, மஞ்சள் காப்ஸ்யூல்கள் எடுத்தால் அதையும் பல் எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகும் ரத்தம் கசிந்தால், சுத்தமான காஸ் துணியை மடித்து, அரை மணி நேரம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திக் கடித்திருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றாலோ, இரண்டாம், மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ வலி கூடினாலோ, மூன்று நாளுக்குப் பிறகு வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, அடுத்த கஷாயத்தைத் தேடாமல் பல் எடுத்த மருத்துவரிடமே போங்கள்.