காட்டேஜ் பாணிப் பரிசுப் பட்டியலா? பீங்கானில் தொடங்குங்கள்

இங்கிலாந்துக் கிராமத்து வீட்டுப் பாணியில் கல்யாணப் பரிசுப் பட்டியல் (என்னென்ன பரிசு வேண்டும் என்று மணமக்கள் விருந்தினருக்கு முன்கூட்டியே தரும் பட்டியல்) போடுகிறவர்கள் முதலில் பீங்கானை முடிவு செய்யுங்கள். பல வருடமாக விற்பனையில் இருக்கும் டிசைனே நல்லது; ஒரு தட்டு உடைந்தாலும் அதே டிசைனில் மறுபடி வாங்கலாம். ஸ்போட் என்ற இங்கிலாந்துப் பீங்கான் நிறுவனத்தின் நீல வெள்ளை 'புளூ இட்டாலியன்' 1816 முதல் வருகிறது. எனக்குப் பிடித்தது போர்ட்மீரியன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் பீங்கான் நிறுவனத்தின் 'பொட்டானிக் கார்டன்' (1972): ஓரத்தில் இலைக்கொடி, நடுவில் தட்டுக்குத் தட்டு வேறு பூ. கலந்து அடுக்கினால்தான் இன்னும் அழகு.

முழு செட்டாகப் போடாமல் தட்டு, கோப்பை, டீபாட் என்று தனித்தனியாகப் போடுங்கள். கையில் குறைவாக வைத்திருக்கும் நண்பரும் சங்கடமில்லாமல் ஒன்று வாங்கித் தருவார். கூடவே நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் பிரெட் டப்பா, லினன் மேஜைவிரிப்பு. மர அலமாரி, நாற்காலி பட்டியலில் வேண்டவே வேண்டாம். அவற்றைப் பழைய சாமான் கடையில் நீங்களே பார்த்து வாங்குங்கள்.