கேமை அழித்தாயிற்று, காவலாளி மட்டும் போகவில்லை: பழைய நகல் தடுப்பு டிரைவர்களை நீக்கும் முறை

போன டிசம்பர் விடுமுறையில் வீட்டைச் சுத்தம் செய்தபோது கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி நிறைய பழைய கேம் டிவிடிகள் கிடைத்தன. பாலிடெக்னிக் படித்த காலத்தில் பகுதிநேர வேலைச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு சிம் லிம் ஸ்குவேருக்கும் பழைய ஃபுனானுக்கும் ஓடி வாங்கியவை, எல்லாமே அசல். அப்போது அசல் வாங்குகிறவனைப் பார்த்து நண்பர்கள் சிரிப்பார்கள், அது வேறு கதை. இப்போதைய மடிக்கணினியில் டிவிடி டிரைவ் கிடையாது என்பதால் 35 வெள்ளிக்கு ஒரு யூஎஸ்பி டிரைவ் வாங்கி, ஆசையோடு ஒரு கேமை நிறுவினேன். ஓடவில்லை. சரி போகட்டும் என்று அதை நீக்கிவிட்டு மறந்தும் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து விண்டோஸ் செக்யூரிட்டியில் மஞ்சள் முக்கோணம். மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை இயக்கப் போனால், பொருந்தாத டிரைவர்கள் (விண்டோஸுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்யும் சின்ன மென்பொருள்கள்) இருப்பதால் முடியாது என்கிறது. பட்டியலைத் திறந்தால் இரண்டு டிரைவர் கோப்புகள், இரண்டும் நான் நீக்கிவிட்டதாக நினைத்த அந்த கேமோடு வந்தவை. வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டார், அவர் வைத்த காவலாளி மட்டும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அவரை வெளியேற்ற எனக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் ஆனது. உங்களுக்கு அரை மணி நேரம் ஆகலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது கேமை உடைத்து விளையாடும் வழி இல்லை. சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் 2021, இப்படிப்பட்ட தொழில்நுட்பப் பூட்டுகளைச் சுற்றிக்கொண்டு போவதைத் தடுக்கிறது. நாம் செய்யப்போவது, கேம் போன பிறகும் தங்கிவிட்ட டிரைவரை நம் சொந்தக் கணினியிலிருந்து எடுப்பது மட்டும்தான். இன்னொன்று, கட்டளைகளையெல்லாம் ஒலிப்படி தமிழில்தான் எழுதியிருக்கிறேன், அவற்றை ஆங்கில எழுத்தில் நீங்களே கையால் தட்டுங்கள். அழிக்கும் கட்டளையை யாரோ எழுதியதிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டுவது எனக்குப் பிடிக்காது, தட்டும்போதுதான் என்ன செய்கிறோம் என்று மண்டையில் ஏறும்.

படி 1: யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்

விண்டோஸ் செக்யூரிட்டி, அதற்குள் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன். பொருந்தாத டிரைவர்களின் பட்டியல் அங்கே இருக்கும். கோப்புப் பெயரைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஓஈஎம் என்று தொடங்கி ஓர் எண்ணும் ஐஎன்எஃப் என்ற முடிவும் கொண்ட பெயர் கூடவே இருந்தால் அதையும் எழுதுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடிக்கடி அகப்படும் நகல் தடுப்பு ஆட்கள் சிலர். செக்டிஆர்வி என்றால் மேக்ரோவிஷனின் சேஃப்டிஸ்க். எஸ்எஃப் என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி டிஆர்வி, எச்எல்பி, விஎஃப்எஸ் என்று தொடர்ந்தால் பெரும்பாலும் ஸ்டார்ஃபோர்ஸ். ஏடிகேஎஸ்ஜிடி, எல்ஐஆர்எஸ்ஜிடி என்று ஜோடியாக வந்தால் டாஜஸ். டிஸ்க் உண்மையானதா, மெய்நிகர் டிரைவில் ஏற்றிய நகலா என்று சோதிக்கத்தான் இவை விண்டோஸின் கருவறைக்குள்ளேயே போய் உட்கார்ந்தன. அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தால் அது கணினி முழுவதற்கும் ஓட்டை. செக்டிஆர்வியில் அப்படி ஒன்று இருந்து 2007இல் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. 2015இல் வந்த விண்டோஸ் 10 சேஃப்டிஸ்க்கை ஏற்கவே இல்லை. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கைப் போட்டால் கேம் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 2: அழிப்பதற்கு முன்

ஏதாவது தவறினால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று எடுத்து வையுங்கள். பல கணினிகளில் அந்த வசதி அணைந்தே இருக்கும், முதலில் அதை இயக்க வேண்டும். சேமித்த ஆட்டங்களை வேறு இடத்துக்கு நகலெடுங்கள்.

கேம் இன்னும் கணினியில் இருந்தால் அவசரப்படாதீர்கள். சில கேம்கள் எத்தனை முறை நிறுவலாம் என்று கணக்கு வைத்திருந்தன. 2007இல் வந்த பயோஷாக் முதலில் 2 முறை என்றது, வாங்கியவர்கள் சத்தம் போட்ட பிறகு 5 ஆக்கினார்கள். 2008இல் ஸ்போர் 3 கணினி என்று தொடங்கி அதுவும் பிறகு 5 ஆனது. இப்படிப்பட்ட கேமில் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் வசதி இருந்தால், முதலில் அதைச் செய்துவிட்டு அப்புறம் நீக்குங்கள்.

படி 3: ஆட்டோரன்ஸ்

விண்டோஸோடு தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் கருவி இது. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தரும் ஆட்டோரன்ஸ் இலவசம், மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கும். நிர்வாகியாகத் திறந்து, மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கச் சொல்லிவிட்டு, டிரைவர்ஸ் பகுதிக்குப் போங்கள். குறித்து வைத்த பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் டிக்கை மட்டும் எடுங்கள், அழிக்காதீர்கள். மறுதொடக்கம் செய்து ஒருநாள் சாதாரணமாகப் பயன்படுத்திப் பாருங்கள். ஒலி, வைஃபை, டிவிடி டிரைவ் எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த படி.

விண்டோஸின் அமைப்புகளெல்லாம் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் மென்பொருள் எதையும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள். எதை அழிக்கிறது என்று அதற்கே தெரியாது.

படி 4: டிரைவரை நீக்குவது (நான் சறுக்கி விழுந்த இடம்)

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக், டெர்மினல் அட்மின், கட்டளை தட்டும் திரை வரும். எங்கோ படித்ததை நம்பி, எஸ்சி டெலீட் என்று தட்டி டிரைவர் பெயரையும் சேர்த்து என்டர் தட்டினேன். பிழை எதுவும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. அமைதியாக அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஆகா, முடிந்தது என்று மறுதொடக்கம் செய்தால் டிரைவர் அங்கேயே. மறுபடி தட்டினேன், மறுபடி அமைதி. பெயர் தவறோ என்று எஸ்சி குவெரி, எஸ்சி ஸ்டாப் என்று மாற்றி மாற்றிப் போட்டேன், எல்லாவற்றுக்கும் அதே மௌனம். மதியச் சாப்பாட்டுக்குத் தேக்கா போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தும் அதே கதைதான்.

மாலையில் வேறு எதற்கோ என் பயனர் ஃபோல்டரைத் திறந்தபோதுதான் பார்த்தேன், டெலீட், குவெரி, ஸ்டாப் என்ற பெயர்களில் மூன்று புதிய கோப்புகள். திறந்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு வரி, அந்த டிரைவரின் பெயர்.

நடந்தது இதுதான். விண்டோஸ் 11இல் டெர்மினலைத் திறந்தால் வருவது பவர்ஷெல், தனக்கென்று சொந்தக் கட்டளைகள் வைத்திருக்கும் ஒரு நிரல். விண்டோஸோடு வரும் அந்தப் பவர்ஷெல்லில் எஸ்சி என்பது செட் கன்டென்ட் என்ற வேறொரு கட்டளையின் சுருக்கப்பெயர், அதன் வேலை கோப்பில் எழுதுவது. ஆக, இந்த டிரைவரை அழி என்று நான் சொன்னதை, டெலீட் என்ற கோப்பில் இந்தப் பெயரை எழுது என்று புரிந்துகொண்டு பணிவாக எழுதி வைத்திருக்கிறது. பழைய விளக்கங்கள் கறுப்புத் திரை கமாண்ட் பிராம்ப்ட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை, அதில் இந்தச் சிக்கல் கிடையாது.

தீர்வு, எஸ்சி என்பதோடு ஒரு புள்ளியும் எக்ஸி என்ற மூன்றெழுத்தும் சேர்த்து முழுப்பெயராகத் தட்டுவது. முதலில் எஸ்சி.எக்ஸி குவெரி, பிறகு ஸ்டாப், பிறகு டெலீட், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் டிரைவர் பெயர். கோப்பின் கடைசியில் வரும் புள்ளி சிஸ் வேண்டாம், பெயர் மட்டும். இந்த முறை பதில் வரும். 1060 என்று வந்தால் அந்தப் பெயரில் எதுவும் இல்லை, எழுத்துகளைச் சரிபாருங்கள். 5 என்றால் நிர்வாகியாகத் திறக்கவில்லை. 1072 என்றால் நீக்கக் குறித்தாயிற்று, மறுதொடக்கம் செய்தால் போய்விடும். ஸ்டாப் சில டிரைவர்களிடம் எடுபடாது, பரவாயில்லை, டெலீட் போட்டுவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

அதன்பிறகுதான் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குப் போய் அந்தக் கோப்பை எடுக்க வேண்டும். நான் உடனே அழிக்காமல் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி ஒரு வாரம் வைத்திருந்தேன். முதல் படியில் ஓஈஎம் பெயர் கிடைத்தவர்களுக்கு இவ்வளவு கஷ்டமே இல்லை: பிஎன்பியூட்டில், டெலீட் டிரைவர், ஓஈஎம் பெயர், அன்இன்ஸ்டால் என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். நடுவில் வரும் சாய்கோடுகளை விட்டுவிடாதீர்கள்.

படி 5: அழிய மறுக்கும் ரெஜிஸ்ட்ரி சாவி

இது சோனி டிஏடிசியின் செக்யூரோம் என்ற நகல் தடுப்பு இருந்த கேம்களுக்கு மட்டும். ரெஜிஸ்ட்ரியில் செக்யூரோம் என்ற பெயருக்குள், எந்தச் சாவியையும் அழிக்காதே மாற்றாதே என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கும் ஒரு சாவி, அதாவது ஒரு பதிவு, கிடக்கும். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட்டில் அதை அழிக்கவும் முடியாது. பெயருக்கு நடுவே நல் எனப்படும் வெற்று எழுத்தைச் செருகியிருப்பார்கள். விண்டோஸின் அடித்தளம் பெயரின் நீளத்தை எண்ணி வைத்துக்கொள்வதால் அதற்குப் பிரச்சினை இல்லை, ரெஜ்எடிட் மட்டும் நல் வந்ததும் பெயர் முடிந்துவிட்டதாக நினைத்து, பாதிப் பெயரை வைத்துத் தேடிவிட்டு இல்லை என்று கைவிரிக்கும். சிஸ்இன்டர்னல்ஸின் ரெஜ்டெல்நல் இதற்கென்றே இருக்கிறது. ஆனால் அந்தச் சாவி சும்மா கிடக்கும் குப்பை, எதையும் தடுப்பதில்லை. உறுத்தலாக இருந்தால் மட்டும் அழியுங்கள், நான் அழித்தேன்.

பிறகு மெமரி இன்டெக்ரிட்டியை இயக்கி மறுதொடக்கம். முக்கோணம் பச்சையாகிவிடும்.

சேர்க்கை 1: இதை வெளியிட்ட மூன்றாம் நாளே ஒரு வாசகர், ஈசூன்காரர், அண்ணா என் டிவிடி டிரைவே காணாமல் போய்விட்டது என்று எழுதியிருந்தார். டிக்கை எடுத்துப் பார்க்கும் படியைத் தாண்டிக் குதித்து நேராகக் கோப்பை அழித்திருக்கிறார். சில டிரைவர்கள் டிவிடி டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் வடிகட்டியாக உட்கார்ந்திருக்கும். வடிகட்டியைப் பிடுங்கிவிட்டு, இங்கே வடிகட்டி இருக்கிறது என்ற குறிப்பை விட்டுவிட்டால் விண்டோஸ் குழம்பி டிரைவையே ஏற்றாது. இது பெரிய ஆளுக்கே நடந்திருக்கிறது. 2005 அக்டோபரில் சோனி பிஎம்ஜியின் இசை சிடிக்குள் ஒளிந்திருந்த ரூட்கிட்டை (கணினிக்குள் தன்னை மறைத்துக்கொள்ளும் மென்பொருள்) கண்டுபிடித்த மார்க் ருசினோவிச் (ஆட்டோரன்ஸை எழுதியவரும் இவர்தான்) அதை அழித்ததும் அவருடைய சிடி டிரைவும் மறைந்துபோனது. ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல், கிளாஸ் என்று போய், 4டி36ஈ965 என்று தொடங்கும் நீளமான சாவியைத் திறந்து, அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டிலும் பாருங்கள். நீங்கள் அழித்த டிரைவரின் பெயர் இருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். ஈசூன்காரருக்கு டிரைவ் திரும்பி வந்துவிட்டது.

சேர்க்கை 2: டெனுவோவை எப்படி நீக்குவது என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நகல் தடுக்கும் டெனுவோ இப்படி டிரைவராகத் தங்குவதில்லை, கேமின் இயக்கக் கோப்புக்குள்ளேயே பின்னிக் கிடக்கிறது. கேமை நீக்கினால் அதுவும் போய்விடும். தங்கிவிடும் ஆட்கள் இப்போது வேறு பக்கம், ஏமாற்று வேலையைத் தடுக்கும் மென்பொருள்களில் இருக்கிறார்கள். வேலரன்ட் என்ற கேமை நீக்கினாலும் அதோடு வரும் ரையட் வான்கார்ட் செயலிப் பட்டியலில் தனியாக இருக்கும், அதையும் தனியாகத்தான் நீக்க வேண்டும். அதற்கு இத்தனை படிகள் தேவையில்லை, அன்இன்ஸ்டால் போதும்.

சேர்க்கை 3: அப்படியென்றால் அந்தப் பழைய கேமை விளையாடவே முடியாதா என்று என் தம்பி கேட்டான். ஜிஓஜி என்ற இணையக் கேம் கடையில் பூட்டே இல்லாத பதிப்பு தள்ளுபடியில் இருந்தது, இரண்டு கோப்பிக் காசுதான். டிவிடி பெட்டி மறுபடி கட்டிலுக்கடியில், அந்த 35 வெள்ளி டிரைவை யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா?