நீர்மூழ்கியின் கேபின் சூடாவது கரையில்தான்

கடலுக்குள் போனால் தானாகக் குளிர்ந்துவிடும் என்று நம்பி, பங்குனி வெயிலில் தமிழ்நாடு-கேரள எல்லையோரக் கடற்கரை ஊர்களான நீரோடியிலோ பொழியூரிலோ சிறு நீர்மூழ்கியை இறக்கினால், முதல் தவறு மணலிலேயே நடந்துவிடுகிறது. ஒளி புகும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கில் செய்த குமிழ் வெயிலை உள்ளே விடும். சூடேறிய இருக்கையிலிருந்து எழும் வெப்பக் கதிரை வெளியே விடாது. இழுவைப் படகுக்காக அரை மணி நேரம் மூடி வைத்திருந்தால் இருக்கைப் பட்டையின் கொக்கியில் கை வைக்க முடியாது. கரையில் இருக்கும்வரை மூடியைத் திறந்தே வையுங்கள். முங்கும்வரை குமிழின்மேல் ஈரமான வெள்ளைத் துணி கிடக்கட்டும்.

உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை விடுகிறது. இருவரும் மின்கருவிகளும் சேர்ந்தால் எளிதில் 300 வாட். இது வெளியேறப் பெரும்பாலும் உலோகச் சுவரை விட்டால் வழியில்லை. அக்ரிலிக் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். சுவரில் நீர் வியர்க்கிறது என்று உள்பக்கம் முழுக்கத் தெர்மோகோல் ஒட்டினால் அந்த வழியும் அடைபடும். வியர்க்கும் நீரைத் தட்டில் பிடியுங்கள், மின் இணைப்புகளை மூடுங்கள், விசிறிக்காற்று சுவரை உரசிச் செல்லட்டும்.

ஆனாலும் கோடையில் இந்தக் கரையோரக் கடலின் மேல்நீரே 30 டிகிரியை ஒட்டி இருக்கும். அடிநீர் மேலேறிக் கடல் குளிரும் ஆனி, ஆடியிலோ அலை இறங்கவிடாது. ஆகவே ஐஸ் வேண்டும். 1 கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். ஓர் ஆளின் ஒரு மணி நேர வெப்பம் ஏறக்குறைய அதுதான். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீனுக்கு வாங்கும் ஐஸே போதும். நீர் கசியாத பையில் கட்டி, விசிறிக்கு முன்னால் வையுங்கள். அதன் எடையையும் மிதப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறைந்த கார்பன் டை ஆக்சைடான உலர் பனிக்கட்டியை மட்டும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். அதில் 1 கிலோ 500 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடாக மாறும். 2,000 லிட்டர் கேபினில் அது உயிரைப் பறிக்கும்.

நீர் தெளிக்கும் கூலரும் ஆகாது; ஈரப்பதம் ஏறி வியர்வை உலராது. குளிர்ச்சிக்காக ஆக்சிஜன் வால்வைக் கூடுதலாகத் திறப்பது தீயை அழைப்பது.

இவற்றைவிட நான் அஞ்சுவது வேறொன்று. கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா சுண்ணாம்பு வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூடு தாங்காமல், அதன் ஊடே காற்றைச் செலுத்தும் விசிறியை நிறுத்திவிடுகிற ஆசை வரும். ஒருபோதும் நிறுத்தாதீர்கள்; நிறுத்தினால் நீங்கள் மூச்சுவிடும் கார்பன் டை ஆக்சைடு கேபினிலேயே சேரும். தலைவலியும் மூச்சிரைப்பும் வந்தால் புழுக்கம் என்று எண்ணி ஐஸ் பையைத் தேடாமல், உடனே மேலே வந்து மூடியைத் திறங்கள்.