டிப்பர் தூக்குது, இறங்க மாட்டேங்குது

பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்புக்கு எரு ஏற்றும் டிரெய்லர் இது. பெட்டி நன்றாகத் தூக்கியது. இறக்கும்போது பாதியில் நின்றுவிட்டது. பம்பு போச்சு என்றார் பக்கத்துத் தோப்பு அண்ணன். பம்பு போயிருந்தால் தூக்கியே இருக்காதே!

இது ஒற்றைவழி ஜாக்கி, ஆயில் அழுத்தம் பெட்டியைத் தூக்க மட்டும்தான். இதில் போன ஹோஸ் வழியாகவேதான் ஆயில் திரும்பும். பெட்டியின் எடைதான் அதைத் தள்ளும். அதனால் டிரெய்லர் ஹோஸை டிராக்டரோடு இணைக்கும் கப்ளர் மேல்தான் எனக்குச் சந்தேகம். அதற்குள் ஸ்பிரிங் வைத்த குண்டு இருக்கும். அது சரியாகத் திறக்காவிட்டால் ஆயில் ஒரு பக்கம் போகும், திரும்பாது.

முதலில் பெட்டிக்குக் கனமான முட்டு. அது இல்லாமல் அடியில் தலை நீட்டவே கூடாது. அப்புறம் டிரெய்லர் பக்க ஹோஸ் நட்டைச் சாக்கால் மூடி, மெல்லத் தளர்த்தி, ஆயிலை வாளியில் வடித்தேன். ஆயில் பீய்ச்சும் இடத்தைக் கையால் தடவக் கூடாது, தோலுக்குள்ளேயே பாய்ந்துவிடும்.

கப்ளரைக் கழற்றினால் உள்ளே நம்ம ஊர் செம்மண், குண்டு அசையவே இல்லை. ஜோடியாகப் புதிது போட்டேன், தூசி மூடியும் சேர்த்து. காலிப் பெட்டியைச் சிலமுறை ஏற்றி இறக்கியதும் காற்று போய்விட்டது. ஆயில் அளவைப் பெட்டி கீழே இருக்கும்போது பாருங்கள். தூக்கி வைத்துப் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும்.