தூக்கத்தை வச்சு முதல் சர்வே ஆராய்ச்சி: காலேஜ் பசங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

எம்பிபிஎஸ், நர்சிங், சைக்காலஜி, எதுல இருந்தாலும் ரெண்டாவது வருஷம் வந்தா யாராவது ஒரு ப்ராஜெக்ட் பண்ணச் சொல்லுவாங்க. மெடிக்கல் பசங்களுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 1979ல இருந்தே ரெண்டு மாச ஆராய்ச்சிக்கு எஸ்டிஎஸ் ஸ்காலர்ஷிப்னு ஒண்ணு நடத்துது. எதுக்குப் பண்ணாலும் வேலை ஒண்ணுதான், தூக்கத்தை வச்சு ஒரு சர்வே எப்படிப் பண்றதுன்னு பாக்கலாம்.

ஸ்டெப் 1: கேள்வியைச் சின்னதாக்குங்க

"செல்போனால் மாணவர்களுக்கு ஏற்படும் பாதிப்புகள்" பட்டிமன்றத்துக்குத்தான் ஆகும். "எங்க ஹாஸ்டல் ரெண்டாம் வருஷ பசங்கள்ல, படுத்த அப்புறம் அரை மணி நேரத்துக்கு மேல போன் பாக்கறவங்களுக்கு தூக்கம் மோசமா இருக்கா?" இப்படிக் கேட்டா யாரை, எங்க, எதை அளக்கப் போறோம்னு மூணும் தெரிஞ்சுடும்.

ஸ்டெப் 2: அளவுகோலைச் சொந்தமா எழுதாதீங்க

"உங்களுக்கு நல்லா தூக்கம் வருதா?"ன்னு நீங்களே ஒரு கேள்வி எழுதிப் போட்டா எக்ஸாமினர் ஒரே நிமிஷத்துல கிழிச்சுடுவாரு. 1989ல வந்த பிட்ஸ்பர்க் தூக்கத் தர அட்டவணை, சுருக்கமா பிஎஸ்க்யூஐ, உலகம் முழுக்க யூஸ் பண்றாங்க. போன ஒரு மாசத் தூக்கத்தைப் பத்தி 19 கேள்வி, மொத்த ஸ்கோர் 0 முதல் 21 வரை, 5க்கு மேல போனா தூக்கம் சரியில்லைன்னு அர்த்தம். கடைசில ரூம்மேட்கிட்ட கேக்கற 5 கேள்வி இருக்கும், அது ஸ்கோர்ல சேராது. காப்பிரைட் இருக்கு, அனுமதி கேட்டுட்டு யூஸ் பண்ணுங்க.

ஸ்கோர் போடறதுதான் கொஞ்சம் தலைவலி. ஒருத்தர் 11.30க்குப் படுத்து 6.30க்கு எழுந்திரிச்சா படுக்கையில இருந்தது 7 மணி நேரம், ஆனா தூங்கினது அஞ்சரை மணி நேரம்தான்னா, 5.5ஐ 7ஆல வகுத்தா சுமார் 79 சதவீதம், 75 முதல் 84க்குள்ள வர்றதால, படுத்திருந்த நேரத்துல எவ்வளவு தூங்கினோம்னு பாக்கற பகுதிக்கு 1 மார்க். கூகுள் ஃபார்ம்ல டைமை டைப் பண்ண விட்டீங்கன்னா ஒருத்தர் "12"ன்னு போடுவாரு, அது நடுராத்திரியா மத்தியானமான்னு நீங்க உக்காந்து ஜோசியம் பாக்கணும், அதனால ஏஎம் பிஎம்மோட டிராப்டவுன் வச்சுடுங்க.

ஸ்டெப் 3: எத்தனை பேர்?

நம்ம ஊர்ல எல்லாரும் போடற ஃபார்முலா 4pq/d². தூக்கம் சரியில்லாதவங்க எவ்வளவுன்னு ஐடியா இல்லைன்னா p 50ன்னு எடுத்துக்கோங்க, q மிச்ச 50. பத்து சதவீதம் முன்ன பின்ன இருந்தா பரவாயில்லன்னா d 10, விடை 100 பேர். அஞ்சு சதவீதம்தான் விடுவேன்னா 400 ஆயிடும்! பாதில விட்டுட்டுப் போறவங்களுக்காக ஒரு பத்து பேர் கூட சேர்த்துக்கோங்க.

ஸ்டெப் 4: எத்திக்ஸ் கமிட்டி

ஆராய்ச்சிக்கு அனுமதி தர்ற கமிட்டி இதுதான், ஆனா இதை யாரும் சீரியஸா எடுக்கறதில்ல. டேட்டா எல்லாம் எடுத்துட்டு அப்புறம் அனுமதி கேட்டா கொடுக்க மாட்டாங்க, முதல்லயே அப்ளை பண்ணணும். "பேரே வாங்கலயே, வெறும் சர்வேதானே"ன்னு விலக்கு நாமளே எடுத்துக்க முடியாது, அதையும் கமிட்டிதான் சொல்லணும். ஃபர்ஸ்ட் இயரைச் சேர்த்தா 17 வயசுப் பசங்க இருப்பாங்க, அவங்களுக்கு அப்பா அம்மா சம்மதமும் வேணும், அவங்க சம்மதமும் வேணும்.

தூக்கத்தோட மனச்சோர்வையும் சேர்த்துப் பாக்கறேன்னு, அதை அளக்கற 9 கேள்வி ஃபார்மான பிஎச்க்யூ-9ஐ உள்ள போடறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. அதுல 9வது கேள்வி தற்கொலை எண்ணம் பத்தினது. ராத்திரி 2 மணிக்கு ஒருத்தர் அதுல "கிட்டத்தட்ட தினமும்"னு டிக் பண்ணா, பேர் இல்லாத ஃபார்ம்ல நீங்க யாரைத் தேடுவீங்க? அதனால ஃபார்ம்லயே அரசோட மனநல ஹெல்ப்லைனான டெலி மானஸ் நம்பர் 14416ஐயும் காலேஜ் கவுன்சிலர் விவரத்தையும் போடுங்க, அப்படி ஒரு பதில் வந்தா யார் கண்ணுல படும், யார் பேசுவாங்கன்னு கைடுகிட்ட முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. அந்த ஏற்பாடு முடியலைன்னா அந்த ஸ்கேலையே விட்டுடுங்க, தூக்கம் மட்டும் போதும்.

ஸ்டெப் 5: கணக்கு

புள்ளிவிவரக் கணக்கு போடற ஜமோவி சாஃப்ட்வேர் ஃப்ரீ, அது போதும். போன் அரை மணிக்கு மேல / கீழ, பிஎஸ்க்யூஐ 5க்கு மேல / இல்ல, ரெண்டுக்கு ரெண்டு டேபிள் போட்டு, ரெண்டுக்கும் தொடர்பு இருக்கான்னு பாக்கற கை-ஸ்கொயர் டெஸ்ட் பண்ணுங்க. ஏதாவது கட்டத்துல எதிர்பார்க்கிற எண்ணிக்கை 5க்குக் கீழ வந்தா அதுக்குப் பதிலா ஃபிஷர் டெஸ்ட்.

டெஸ்ட் தர்ற p வேல்யூ (உண்மையில தொடர்பே இல்லைன்னாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்பு) 0.05க்குக் கீழ வந்துடுச்சுன்னு "போன்தான் தூக்கத்தைக் கெடுக்குது"ன்னு எழுதிடாதீங்க. தூக்கம் வராததால போனை எடுத்தவங்களும் அதே டேபிள்லதான் இருக்காங்க, ஒரே தடவை கேட்ட சர்வேயில எது முதல்ல வந்துச்சுன்னு பிரிக்க முடியாது. "தொடர்பு இருக்கு", அவ்ளோதான். 0.05க்கு மேல வந்தாலும் அப்படியே எழுதுங்க. அதுக்கு பயந்து காபி, பரீட்சை, ரூம் நம்பர்னு 20 டெஸ்ட் ஓட்டினா உண்மையில எதுவுமே இல்லைன்னாலும் சராசரியா ஒண்ணு தானா கீழ விழும், அதை மட்டும் தூக்கிப் போஸ்டர்ல போட்டா வைவால மொத்தம் எத்தனை டெஸ்ட் பண்ணீங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க.